விதைத் தோல்

வெள்ளிமலையில் இருந்த அந்த நிழல்வலைக் குடிலுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும். ஒரு தேனீகூட உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத்தான் இடம். கறுப்புத் துணி சுற்றியிருந்ததால் பகலிலும் அங்கே இருட்டாக இருக்கும். முனைவர் பட்டத்துக்காக இந்த மலைக்கு வரத் தொடங்கிய முதல் வருடம், அனிட்டா அந்த இடத்தை இரண்டே எட்டில் கடந்துவிடுவாள். இப்போதெல்லாம் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறாள். ஏன் நிற்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் ஆராய்ச்சி மொச்சையில். அதற்குக் காரணம் அவள் அம்மா இஞ்ஞாசியம்மாள். களமருதூரில் வீட்டு வேலியில் ஏறியிருந்த மொச்சைக் கொடியில் இலைகள் பாதி பச்சையும் பாதி வெள்ளையுமாக இருப்பதைப் பார்த்து, ஏதோ நோய் என்று பிடுங்கப் போனவளை அனிட்டா தடுத்தாள். அது நோய் இல்லை. இலைக்குப் பச்சை நிறம் தருகிற பசுங்கணிகங்களில் ஒரு பகுதி பழுதாகிப் போயிருந்தது. பசுங்கணிகத்துக்குள் அதற்கென்று தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. பழுது அதில்தான். அந்தப் பழுது அடுத்த தலைமுறைக்குத் தாய் வழியாகப் போகிறதா, தந்தை வழியாகவும் போகிறதா என்பதே கேள்வி.

பெரும்பாலான பூச்செடிகளில் தந்தை வழியாகப் போவதில்லை. மகரந்தத் தூள் முதிரும்போது அதற்குள் இருக்கும் செல் சமமில்லாமல் இரண்டாகப் பிரிகிறது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று. சிறியதுதான் பிறகு சூலைச் சென்று சேர்வது. பசுங்கணிகங்களெல்லாம் பெரிய செல்லின் பக்கமே ஒதுங்கிவிடுகின்றன. தப்பித்துச் சிறிய செல்லுக்குள் வந்தவற்றின் டி.என்.ஏ.வும் அங்கேயே கரைந்து போகிறது. உட்கருவை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் வாசலில் விட்டுவிட்டுப் போகிற தந்தை.

ஆனால் அவளுடைய மொச்சையில் அப்படி இல்லை என்று தொட்டிகள் சொல்லின. பச்சைக் கொடியைத் தாயாகவும் வெள்ளை படர்ந்த கொடியைத் தந்தையாகவும் வைத்துச் சேர்த்த விதைகளிலிருந்து வெள்ளைத் திட்டு விழுந்த கன்றுகள் முளைத்தன. எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில். அதாவது இருவருமே தருகிறார்கள். அவளுடைய வழிகாட்டி தனசேகரன் அந்தத் தொட்டிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் எழுந்திருக்கவேயில்லை. இரண்டு கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேசினார். கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார்கள்.

நுண்ணோக்கி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மலைக்குக் கீழே கல்லூரியின் இருட்டறையில், சாயமேற்றிய மகரந்தத்தை அனிட்டா மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். டி.என்.ஏ. இருக்கும் இடம் நீலமாக ஒளிரும். இளம் மகரந்தத்தில் உட்கருவைச் சுற்றி உப்பைத் தூவியதுபோல நீலப் பொடிகள் தெரியும். முதிர்ந்த மகரந்தத்தின் சிறிய செல்லில் உட்கரு மட்டும் தனியே கிடக்கும். சுற்றிலும் வெறும் கறுப்பு. கேமராவின் ஒளியைக் கூட்டிக் கூட்டி, திரையில் தானாக எழும் புள்ளிகளையெல்லாம் டி.என்.ஏ. என்று நம்பப் பார்த்த நாட்களும் உண்டு. அந்த நாட்களை நினைக்கவே அவளுக்குப் பிடிக்காது.

"செடி பொய் சொல்லாதும்மா. உன் சாயத்துலதான் கோளாறு. திருப்பிப் போடு," என்பார் தனசேகரன்.

கட்டுரை திரும்பி வந்தது. மறுக்கவில்லை, சேர்க்கையை இன்னொரு பருவம் செய்து, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய ஆய்வுப் பதிவு ஏப்ரலில் முடிகிறது. இரண்டு நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். மொச்சையோ வருடத்தில் ஒரு முறை, பனிக்காலத்தில்தான் பூக்கிறது.

"எப்பத்தான் முடியும்?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"ஏப்ரல்ல."

"போன வருசமும் ஏப்ரல்னுதான் சொன்ன."

  

* * *

மார்கழியின் தொடக்கத்தில் ஒரு பிற்பகல், அனிட்டா கேமராவோடு குடிலுக்குள் வந்தாள். தங்கமணி ஏற்கெனவே கொடியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தியாகதுருகம் பக்கத்துக்காரி. பருத்தி விதைக் காடுகளில் பல வருடம் கிராசிங் என்கிற மகரந்தச் சேர்க்கை வேலை பார்த்த விரல்கள் என்று தனசேகரன்தான் அவளை மலைக்கு அழைத்து வந்தார். சாயங்காலம் மொட்டைப் பிளந்து ஆண் கேசரங்களைக் கிள்ளி எடுத்துவிட்டுக் காகிதப் பை மாட்டுவாள். மறுநாள் காலையில் வேறு கொடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, சீட்டு கட்டுவாள். முதல் வருடம் மட்டும் அனிட்டா கூடவே இருந்து செய்தாள். அதன் பிறகு இருட்டறை அவளைக் கீழேயே பிடித்து வைத்துக்கொண்டது. எப்போதாவது வரும்போது கொஞ்சம் அவள் செய்வாள், மீதியெல்லாம் தங்கமணி.

"வா மேடம். போட்டோ புடிக்கப் போறியாமே. சொல்லியிருந்தா பூ வெச்சிகினு வந்திருப்பேன்."

"கையைத்தான்க்கா எடுக்கப் போறேன். மூஞ்சி வராது."

"அதானே பாத்தேன். மூஞ்சிய எவன் கேக்கறான்." கிடுக்கியை மொட்டுக்குள் விட்டாள். "பருத்தின்னா நகத்தாலயே சீவிட்டுப் போயிகினே இருப்பேன். இது இன்னா மொட்டு, மூக்குத்தித் திருகாணிய மண்ணுல தேடற மாதிரி கீது."

அனிட்டா படமெடுத்தாள். மொட்டு, கிடுக்கி, பை.

"இத்தினி மொட்டுக்கும் நீயே மாப்ள பாத்துக் கட்டி வெக்கிற. உனுக்கு எப்பதான் மேடம் ஆவும்?"

"ஏப்ரலுக்கு அப்புறம் பாக்கலாம்க்கா."

"எந்த ஏப்ரலு?"

இருவரும் சிரித்தார்கள். அன்று காலையில் கட்டிய சீட்டைப் படமெடுக்க அனிட்டா குனிந்தாள். தங்கமணியின் குண்டுக் கையெழுத்தில் 'வெள்ளை × பச்சை' என்று இருந்தது. திரையில் எழுத்து தெளிவாக விழுந்தது. பின்னால் கொடியும் தெளிவாக விழுந்திருந்தது. அதன் இலைகள் முழுக்கப் பச்சை.

"அக்கா, இந்தச் சீட்டு மாறி இருக்கே."

"எது? அதெல்லாம் மாறாது. காலைல நான்தான் கட்டுனேன்."

"இது பச்சைக் கொடி. இதுதான் அம்மா. வெள்ளைன்னு முன்னாடி எழுதியிருக்கீங்க."

"ஆமா. அப்பன் வெள்ளை, அம்மா பச்சை. சரியாத்தான் கீது."

அனிட்டா கேமராவைக் கீழே இறக்கினாள். "அம்மா பேரைத்தானே முதல்ல எழுதணும்?"

தங்கமணி கிடுக்கியை நிறுத்திவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எந்த ஊர்ல? உன் பேருக்கு முன்னாடி இன்னா போடற? உங்கப்பா பேருதானே?"

"ஆமா. சவரிமுத்து. ச. அனிட்டா."

"அப்புறம்? என் பொண்ணு செந்தமிழ்ச்செல்விக்கு அவ அப்பன் எழுத்து. அவன் திருப்பூர் போறேன்னு போனவன், இன்னும் போயிகினே கீறான். சோறு நான் போட்டேன், பீஸ் நான் கட்டுனேன். ஆனா பள்ளிக்கூடத்துல பேரு எழுதச் சொல்ல அவன் எழுத்துதான் முன்னாடி வந்துச்சி. அவன் வூட்டுக்குக் குடுத்தது அந்த ஒரு எழுத்துதான்." மறுபடி மொட்டைப் பிளந்தாள். "ரெண்டு பேரையும் எழுதி நடுவுல பெருக்கல் போடுங்கன்னு நீதான் சொன்ன. போட்டேன். பருத்திக் காட்டுல சீட்டா எழுதுனோம்? நூலு கட்டிட்டுப் போயிகினே இருப்போம்."

தாயின் பெயர் முதலில் வர வேண்டும் என்பது அனிட்டாவின் பாடப் புத்தகங்களில் இருந்த வழக்கம். அது சொல்லித்தர வேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை.

"எல்லா வருசமும் இப்படித்தான் எழுதினீங்களா?"

"பின்ன? வருசத்துக்கு ஒரு மாதிரி மாத்தி எழுத எனக்கின்னா பைத்தியமா?" என்றவள், அனிட்டாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "இன்னா மேடம்? இன்னா ஆச்சி?"

குடிலின் மேல் வலையில் காற்று உரசிப் போனது. அனிட்டா உள்கதவைத் திறந்து, நடுவில் இருந்த இருட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டாள். வெளிக்கதவைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

* * *

விதை வைக்கும் அறை குடிலை ஒட்டியே இருந்தது. இரும்பு அலமாரியில் ஒவ்வொரு பருவத்தின் விதைப் பொட்டலங்களும் அடுக்கியிருந்தன. விதைத்தது போக மிச்சம் வைத்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் சீட்டு கிடந்தது, சில அவள் கையெழுத்தில், பல தங்கமணியின் கையெழுத்தில். விதைகள் எல்லாம் ஒரே ரோஸ் நிறம். மொச்சையில் வண்டு சீக்கிரம் விழும் என்பதால், காயை உரித்துக் கொண்டுவந்த அன்றே பண்டகக் காப்பாளர் சுப்புராயன் மருந்துப் பொடியைப் போட்டுக் குலுக்கிவிடுவார். அனிட்டாவின் கைக்கு விதை எப்போதும் ரோஸ் நிறத்தில்தான் வந்திருக்கிறது. தொட்டியில் ஊன்றியதும் அப்படியேதான்.

வெள்ளிமலைப் பச்சைக் கொடி கறுப்பு விதை காய்க்கும். வெள்ளை படர்ந்த களமருதூர்க் கொடியில் வெள்ளை விதை. விதைக்குள் இருக்கும் முளை இருவருடையது. ஆனால் மேலே இருக்கும் தோல் பிள்ளையுடையது இல்லை. அது தாயின் உடம்பு. தாய் தன்னிலிருந்தே செய்து போர்த்தி அனுப்புவது. தந்தை யாராக இருந்தாலும் தோலின் நிறம் தாயின் நிறம்தான். இது அவளுக்கு எப்போதும் தெரியும். தேர்வில் எழுதியிருக்கிறாள்.

தங்கமணியின் சீட்டு இருந்த ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். 'பச்சை × வெள்ளை'. வெள்ளைத் திட்டுக் கன்றுகள் முளைத்தது இதிலிருந்துதான். ஒரு விதையைக் குழாயடியில் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். ரோஸ் நிறத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

விதை வெள்ளை. அப்படியானால் தாய் களமருதூர்க் கொடி.

அவளே எழுதிய 'பச்சை × வெள்ளை' பொட்டலத்திலிருந்து ஒன்று எடுத்துத் தேய்த்தாள். கறுப்பு. அதிலிருந்து முளைத்த கன்று ஒன்றில்கூடத் திட்டு இருந்ததில்லை. அவற்றையும் இவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியதால்தான் 'சிலவற்றில்' என்று வந்தது. இருவருமே தருகிறார்கள் என்று வந்தது.

தரையில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது நிம்மதி. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நுண்ணோக்கி சரியாகத்தான் காட்டியிருக்கிறது. அந்தக் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. அவள் கண்ணில் கோளாறு இல்லை. மொச்சையின் தந்தையும் மற்றெல்லாச் செடிகளின் தந்தையைப் போலத்தான்.

நிம்மதி அதிக நேரம் நிற்கவில்லை. அது போனதும் ஏப்ரல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

* * *

தனசேகரன் மறுநாள் ஜீப்பில் வந்தார். போனில் அவள் எதையும் சொல்லவில்லை, வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அறைக்குள் மேசையின் மேல் கழுவிய இரண்டு விதைகளும் அவற்றின் சீட்டுகளும் இருந்தன. அவள் இரண்டு வாக்கியம் பேசினாள். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அவர் ஒரு விதையை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். கழுவிய விதைதான்; ஆனாலும் துடைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அதையும் துடைத்தார். வெளியே ஜீப் ஓட்டுநர் யாருடனோ சத்தமாகப் பேசிச் சிரிப்பது கேட்டது. 

"சுப்புராயன் பாத்தாரா?"

"இல்ல சார்."

"தங்கமணி?"

"அவங்களுக்கு எப்படி எழுதினோம்னு தெரியும். அதனால என்ன ஆச்சுன்னு தெரியாது."

அவர் சன்னலுக்குப் போனார். "மருந்து போட்ட விதை. தின்ன முடியாது, மாட்டுக்கும் போட முடியாது. வண்டு விழுந்துடுச்சின்னு கொளுத்துனா, ஏன்னு கேக்க ஆள் கிடையாது."

"கொளுத்தச் சொல்றீங்களா சார்?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா." திரும்பாமலே பேசினார். "கட்டுரை இல்லாம ஆய்வேட்ட வாங்க மாட்டாங்க. கட்டுரைய நாம எடுத்துட்டா, புதுசா எழுதி, அனுப்பி, அவங்க படிச்சி, ஏப்ரலுக்குள்ள நடக்காது. அதுக்கப்புறம் உனக்குப் பதிவும் இல்ல. இது உனக்கும் தெரியும்."

"தெரியும் சார்."

"நான் ரெண்டு மேடையில பேசிட்டேன். அது என் பாடு. அத விடு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீ எதைக் கொண்டுவந்தாலும் கையெழுத்து போடறேன். பழசக் கொண்டுவந்தாலும் சரி, வேற எழுதிக் கொண்டுவந்தாலும் சரி. நீயே பாத்து முடிவு பண்ணு," என்றார்.

இரண்டு விதைகளையும் அவை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு அவர் போய்விட்டார். ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. அவர் திட்டியிருக்கலாம் என்று அனிட்டாவுக்குத் தோன்றியது. மிரட்டியிருந்தாலும் பரவாயில்லை, எதிர்த்துத் தள்ளுவதற்குக் கைக்கு ஏதாவது கிடைத்திருக்கும். அவர் கதவு எதையும் பூட்டவில்லை. எல்லாக் கதவையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், எதைத் திறந்தாலும் இன்னொன்று இருக்கும்படி.

தங்கமணி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என்னாலயா மேடம்?"

"நான் சொல்லித் தரலக்கா."

"தப்புன்னா திருத்தி எழுதிடலாமே. பேருதானே."

அனிட்டா சிரித்துவிட்டாள். தங்கமணி சிரிக்கவில்லை.

"திருத்திடலாம்க்கா. ஆனா திருத்துனா இந்த ஏப்ரல்லயும் முடியாது. எப்பவுமே முடியாம போயிடும்."

"திருத்தலன்னா?"

  திருத்தாவிட்டால் பட்டம் வரும். எங்காவது ஒரு கல்லூரியில் வேலை வரும். வருடா வருடம் ஒரு வகுப்பில், மொச்சையில் மட்டும் தந்தையும் தருகிறார் என்று கரும்பலகையில் எழுத வேண்டியிருக்கும். முன்வரிசைப் பெண் யாராவது எழுந்து எப்படி மேடம் என்று கேட்பாள்.

எழுந்தாள். அலமாரியிலிருந்து பொட்டலங்களை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தாள்.

"அந்தப் பெரிய டப்பைக் கொண்டாங்கக்கா. தண்ணி ரொப்பணும்."

"எல்லாத்தயுமா? மருந்து போச்சின்னா வண்டு தின்னுட்டுப் போயிடும். ஒரு வெதகூட நிக்காது."

"தெரியும்."

தங்கமணி அவளை உற்றுப் பார்த்துவிட்டு டப்பைக் கொண்டுவந்தாள். "கைக்கு உறை போடு. தோலு அரிக்கும்."

பொட்டலம் பொட்டலமாகக் கழுவினார்கள். ஒன்றின் விதை இன்னொன்றில் கலக்காமல் வடிகட்டி, பழைய வேட்டியொன்றை விரித்து, சீட்டோடு சேர்த்துத் தனித்தனிக் குவியலாகப் பரப்பினார்கள். டப்பில் தண்ணீர் ரோஸ் நிறமாகி, சிவந்து, கடைசியில் கலங்கிப் போனது. வேட்டியில் கறுப்பும் வெள்ளையும் வெயிலில் பளபளத்தன. மருந்து போட்டு அலமாரியில் வைத்திருந்தவரை அது ஒரு ரகசியம். இப்போது யார் வந்து குனிந்து பார்த்தாலும் தெரியும். திரும்ப மூடி வைக்க முடியாது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் கழுவினாள் என்பது கடைசிப் பொட்டலத்தைப் பரப்பும்போதுதான் அவளுக்கே புரிந்தது. ஒவ்வொரு குவியலையும் சீட்டோடு படமெடுத்தாள்.

"இவ்ளோ வெள்ளையா இதுல," என்றாள் தங்கமணி, தன் கையெழுத்துச் சீட்டு ஒன்றைப் பார்த்து. "இது எல்லாம் உங்கம்மா வூட்டுக் கொடிதானே பெத்தது."

"ஆமாக்கா."

* * *

பேருந்து நிறுத்தத்தின் அருகே மட்டும்தான் இணையம் ஒழுங்காகக் கிடைக்கும். அனிட்டா புளியமரத்து வேரில் உட்கார்ந்து ஆய்விதழுக்கு மின்னஞ்சலை எழுதினாள். படங்களை இணைத்தாள். பெற்றோர் வரிசை சீட்டுகளில் இரண்டு விதமாக எழுதப்பட்டுவிட்டது. விதைத் தோல் உண்மையான தாயைக் காட்டுகிறது. அதன்படி பார்த்தால் இந்த மொச்சையில் பசுங்கணிகம் தாய் வழியாக மட்டுமே போகிறது. மகரந்தத்தின் படங்களும் அதையே சொல்கின்றன. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். தங்கமணியின் பெயரை எழுதவில்லை. தனசேகரனுக்கு ஒரு நகல் வைத்தாள். கீழே தன் பெயரை அடித்துவிட்டு, முன்னால் இருந்த ஓர் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அனுப்பினாள்.

போய்விட்டது. இவ்வளவு சீக்கிரம் போகும் என்று அவள் நினைக்கவில்லை.

கள்ளக்குறிச்சிப் பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. நடத்துநர் படியில் தொங்கியபடி கேட்டார். "ஏறுறியாம்மா? இதுக்கப்புறம் லேட்டாவும்."

மூன்று மணி நேரத்தில் களமருதூர் போய்விடலாம். அம்மா என்ன கேட்பாள் என்றும் தெரியும்.

"இல்லண்ணா. வேலை கீது."

பேருந்து போய்விட்டது. என்ன வேலை என்று நடக்கத் தொடங்கிய பிறகுதான் யோசித்தாள். இன்று பிளக்க வேண்டிய மொட்டுகள் இருந்தன. யாரும் கேட்காத மொட்டுகள். பிளக்காவிட்டால் நாளைக் காலை தாமாக மலர்ந்து, தம் மகரந்தத்தைத் தாமே தொட்டுக்கொள்ளும். அதனால் யாருக்கும் இனி நட்டமில்லை.

குடிலின் வெளிக்கதவைத் திறந்து, உள்ளே வந்து, சாத்தினாள். இருட்டு. உள்கதவின் இடுக்கில் பச்சை வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

"யாரு? மேடமா?"

"நான்தான்க்கா."

"வெளிக்கதவு சாத்துனியா?"

"சாத்திட்டேன்."

"அப்புறம் இன்னா, உள்ள வா. மொட்டு விரியறதுக்குள்ள முடிக்கணும்." சற்று நேரம் கழித்து, "சீட்ட நீயே எழுது. நான் கட்ட மட்டும் செய்றேன்," என்றாள்.

அனிட்டா தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே தங்கமணி காத்திருந்தாள், கூப்பிடவில்லை. அனிட்டா கையை எடுக்கவும் இல்லை, தாழ்ப்பாளைத் தள்ளவும் இல்லை. இந்த இடத்தில் ஏன் நிற்கிறோம் என்று இன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கதவைச் சாத்தி மறு கதவைத் திறக்காமல் இருக்கும் வரை, எப்போது முடியும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.